ரசீதில் இல்லாத நன்கொடை

டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 2 மணி. சென்னையில் ஒரு சபா. பேர் வேண்டாம். சொன்னால் அந்த ஒரு சபாவில் மட்டும்தான் இப்படி என்று ஆகிவிடும்.

கேன்டீனில் இலை கிடைக்க 20 நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. அரங்கத்துக்குள் போய் எண்ணிப் பார்த்தேன். 23 தலைகள். அதில் இரண்டு தூங்கிக்கொண்டிருந்தன.

மேடையில் ஒரு பெண், இருபது இருபத்திரண்டு வயசிருக்கும், வர்ணம் ஆடிக்கொண்டிருந்தாள். நன்றாகவே ஆடினாள். அரைமண்டி கடைசி வரை நிமிரவில்லை. தீர்மானத்தை முடித்துவிட்டு அபிநயத்துக்குத் திரும்பும்போது மூச்சு வாங்குவது முகத்தில் தெரியவில்லை. நாயகனுக்காகக் காத்திருக்கும் இடத்தில் பெரும்பாலானவர்கள் கன்னத்தில் கை வைத்து ஒரு பெருமூச்சோடு முடித்துக்கொள்வார்கள். இவள் வாசல் வரை போனாள், பாதியில் திரும்பினாள், விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு மறுபடியும் வாசலைப் பார்த்தாள். சின்ன விஷயம்தான். ஆனால் சொந்தமாக யோசித்த விஷயம்.

அடுத்தது பதம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேடையின் ஓரத்திலிருந்து யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். பதம் போச்சு. நேரே தில்லானா.

பக்கத்து ஸீட்காரர் ‘ச்சு’ கொட்டினார். “அந்தப் பதத்துக்குத்தான் ஸார் ஆறு மாசம் உழைச்சா.”

அப்பா!

பேச்சுக் கொடுத்தேன். மனிதர் பையிலிருந்து சின்ன டைரி ஒன்றை எடுத்தார். என்னைப் போலவே கணக்கு எழுதுகிற ஜாதி. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், ரிகர்சலுக்குத் தனி, மேக்கப், பூ, வேன், வீடியோ. புல்லாங்குழல் என்று எழுதி அடித்திருந்தது. “கட்டுப்படியாகலை ஸார்.” கடைசியில் ‘சபா’ என்று ஒரு வரி.

“சபா கொடுத்ததா?” என்றேன்.

“நாங்க கொடுத்தது.”

மொத்தத் தொகையை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார்.

தில்லானா முடிந்ததும் சபாக்காரர் மைக்கைப் பிடித்து ஸ்பான்ஸர்களுக்கு நன்றி சொன்னார். ஒரு வங்கி, ஒரு ஜவுளிக் கடை, ஒரு அப்பளக் கம்பெனி. என் பக்கத்து ஸீட்காரர் எல்லோருக்கும் சேர்த்துக் கைதட்டினார்.

நான் படித்தது பி.காம். நாட்டியத்தில் முத்திரைகளை எண்ணத் தெரியாது, ஆனால் பேலன்ஸ் ஷீட் கொஞ்சம் படிக்கத் தெரியும். சபாக்களில் பல, சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் ஆரம்பிக்கலாம். வரும் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. அதனால் இவர்கள் கணக்கில் ‘லாபம்’ என்ற வார்த்தையே வராது, உபரி என்பார்கள். வருமான வரியில் சலுகை வாங்கலாம். நன்கொடை கொடுப்பவருக்கும் சலுகை வாங்கிக் கொடுக்கலாம். எல்லாம் நியாயமே. கலையை வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் இந்த அளவாவது செய்ய வேண்டாமா?

ஒரு சபாவின் வரவுப் பக்கத்தில் என்ன இருக்கும்? சந்தா, டிக்கெட், நன்கொடை, விளம்பரம், கேன்டீன் கான்ட்ராக்ட். செலவுப் பக்கத்தில் ஹால், கரன்ட், சம்பளம், மலர் அச்சடித்த செலவு, கலைஞர் சன்மானம். கூட்டல் சரியாக இருக்கும். ஆடிட்டர் கையெழுத்தும் இருக்கும். ஆனால் அந்த நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்த பெரிய நன்கொடை, அதாவது டைரிக்காரர் நட்டுவனாருக்கும் பாடகருக்கும் மிருதங்கக்காரருக்கும் தன் கையிலிருந்து கொடுத்த பணம், எந்தப் பக்கத்திலும் இருக்காது. அவருக்கு ரசீது கிடையாது, வரிச் சலுகை கிடையாது, மைக்கில் பெயரும் கிடையாது.

ஜி.எஸ்.டி.யில் ஒரு தமாஷ் உண்டு. நாட்டுப்புற, சாஸ்திரியக் கலைஞர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வரி விலக்கு. நான் பார்த்த மதிய நேரத்துப் பெண்களிடம் இந்தச் சலுகையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சபாக்காரர்களை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு செயலாளர், ரிடையரானவர், பத்து பைசா வாங்காமல் காலை ஏழு மணிக்கு வந்து நாற்காலி துடைக்கிறார். “மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் போட்டா அந்த 23 பேரும் வர மாட்டான். ஏ.ஸி. பில்லை யார் கட்டறது? ஸ்பான்ஸர், பெரிய பேர் இருந்தாத்தான் செக் எழுதறான்” என்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் அந்த பில்லை ஆடுகிற பெண்ணின் அப்பாதான் கட்ட வேண்டும் என்று எப்போது முடிவானது?

இது எப்போதும் இப்படி இல்லை. கோயில்களில் ஆடிய பெண்களுக்கு மானியம் இருந்தது. கல்யாண வீட்டில் ஆடினால் பணம் வந்தது. அந்த வாழ்க்கையின் கொடுமைகளைப் பூசி மெழுக நான் தயாரில்லை. முத்துலட்சுமி ரெட்டி போராடியதற்குக் காரணம் இருந்தது. 1931-ல் மியூசிக் அகாடமி கல்யாணியின் மகள்களை மேடையேற்றியது, 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார், 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்குச் சட்டம் தடை போட்டது. நாட்டியம் வேறு வீடுகளுக்குக் குடிபோனது. இந்த வரலாற்றை ஜாதி, ஒழுக்கம், அழகியல் என்று பலர் எழுதிவிட்டார்கள். கணக்குப்பிள்ளையாக நான் பார்ப்பது வேறு ஒன்று. ஆடிச் சம்பாதித்த குடும்பங்களின் கையிலிருந்த கலை, சம்பாதித்ததைக் கொடுத்து ஆடவைக்கும் குடும்பங்களிடம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது.

காஞ்சிபுரம் பக்கம் கூத்துக்காரர்களைக் கேட்டால் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். அங்கே ஊர்க்காரர்கள் வந்து, நாள் பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்தால்தான் ஜமா கிளம்பும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய ஆடுவார்கள். பிடித்த இடத்தில் பார்ப்பவர்கள் கூடுதலாகவும் கொடுப்பார்கள். கொடுத்தவர் பெயரைக் கட்டியங்காரன் உரக்கச் சொல்வான். கணக்கு அங்கேயே பகிரங்கம்! பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து 1990-ல் ஆரம்பித்த கட்டைக்கூத்துச் சங்கமும் லாப நோக்கமில்லாத அமைப்புதான். ஆடுபவர்களே அதை ஆரம்பித்தார்கள் என்பது பெரிய வித்தியாசம். அங்கேயும் வறுமை உண்டு, கடன் உண்டு. ஆனால் ஆடுவதற்காகக் காசு கொடுக்கிற வழக்கம் இல்லை.

பணம் யார் கொடுக்கிறார்கள் என்பது மேடையிலும் தெரிகிறது. பார்வையாளர் கொடுத்தால் அவர் எழுந்து போகிறாரா என்று சபா கவலைப்படும். ஆடுபவரே கொடுத்தால் அடுத்த ஆள் காத்திருக்கிறாரா என்று கவலைப்படும். ஆகவே ஒரே மத்தியானத்தில் மூன்று பேரை அடைக்க வேண்டியிருக்கிறது. நேரம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பதம். நின்று, நிதானமாக, ஒரு வரியை நாலு விதமாகச் சொல்கிற இடம் அதுதானே? தில்லானா தப்பித்துவிடும், கைதட்டல் வாங்கும். அடுத்த வெட்டு பக்கவாத்தியம். இப்போது பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு ஆடுபவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டி எழுதுகிறார்கள். நானே எழுதியிருக்கிறேன். டைரியைப் பார்த்த பிறகு அதை வாபஸ் வாங்குகிறேன்.

டைரி இல்லாத வீட்டுப் பெண்ணைப் பற்றி நான் என்ன விமர்சனம் எழுத முடியும்? அவளை நான் பார்க்கவே போவதில்லை.

சபாக்கள் நாளையே எல்லோருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அவர்களால் முடியாது, தெரியும். ஆண்டறிக்கையில் ஒரே ஒரு பக்கம் கூடுதலாகப் போடட்டும். இந்த வருஷம் எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை பேருக்குச் சன்மானம் கொடுத்தோம், எவ்வளவு, எத்தனை பேரிடம் வாங்கினோம். வாங்கியதற்கு அச்சடித்த ரசீது கொடுக்கட்டும். கலைஞரின் குடும்பம் தனியாகச் செய்த செலவை, தொகை தெரியாவிட்டாலும், அடிக்குறிப்பில் ஒரு வரியாகச் சேர்க்கட்டும். பொதுக்குழுவில் உறுப்பினர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும்.

அந்தச் செயலாளரிடமே இதைச் சொன்னேன். நாற்காலியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “போடலாம் ஸார். ஆனா அதைப் போட்டா, எதிர்ல விளம்பரம் யார் குடுப்பா?”