தங்குவதற்கான அனுமதி: ஆனா சேகர்சின் ‘ட்ரான்சிட்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

1

ஒரு நாட்டிலே தங்கியிருக்க விரும்பும் அந்நியர், தாம் அந்நாட்டை விட்டுப் போகும் எண்ணமுடையவர் என்பதை முதலில் நிரூபித்தல் வேண்டும். முரண்பாடு போலத் தோன்றும் இவ்விதியே ஆனா சேகர்சின் ‘ட்ரான்சிட்’ என்னும் ஜேர்மன் நாவலின் அச்சாணியாகும். 1940-41ஆம் ஆண்டுகளிலே பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செய் துறைமுகப் பட்டினத்தில் வந்து குவிந்த அகதிகளுக்கு வழங்கப்பட்ட வதிவிட அனுமதி இத்தகையதாகவே இருந்தது. பயணத்துக்கான ஆயத்தங்களைச் செய்துகொண்டிருப்பதாகக் காட்டக்கூடியவருக்குக் குறுகியதொரு தவணை கிடைத்தது. அவ்வாறு காட்ட இயலாதவரைத் தடுப்பு முகாம் எதிர்நோக்கியிருந்தது.

இந்நாவலைக் காஃப்காவின் உலகோடு ஒப்பிட்டு நோக்குவது மேனாட்டு விமர்சகரிடையே வழக்கமாகிவிட்டது. முடிவுறாத காத்திருப்பு, முகமறியா அலுவலர், கைக்கெட்டும் வேளையிற் காலாவதியாகும் பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு, மனிதன் இவ்வுலகில் என்றும் வழிப்போக்கனே என்னும் தத்துவத்தின் உருவகமாக இதனைக் கொள்வோர் உளர். வாழ்க்கையைச் சத்திரமாகக் காணும் மனப்பாங்கு எமது மரபிலும் பழகிப்போனதொன்றாகையால், இவ்விளக்கம் எம்மை எளிதிற் கவரக்கூடும். ஆயின், அப்பத்திரத்தை வழங்கியவர் யார், மறுத்தவர் யார், எத்தேவை கருதி அது தோற்றுவிக்கப்பட்டது ஆகிய வினாக்களை இவ்விளக்கம் எழுப்புவதில்லை. வரலாற்றிலே மனிதராற் செய்யப்பட்ட ஒன்றை மனித விதியாக மாற்றிவிடுவதே இதன் அடிப்படைக் குறைபாடு ஆகும். இந்நாவல் அதற்கு நேர்மாறான திசையிற் செல்கின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இன்று நாமறியும் வடிவிலான வதிவிட அனுமதி அண்மைக்கால வரலாற்றின் விளைபொருளாகும். அதற்கு முன்னரும் அரசுகள் தமக்கு ஒவ்வாத அந்நியரை வெளியேற்றியதுண்டு. 1845இல் பாரிசிலிருந்து வெளியேற்றப்பட்ட மார்க்ஸ், பிரசல்சிலே தங்குவதற்காக, நடைமுறை அரசியல் குறித்து எதனையும் வெளியிடுவதில்லை என எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1848இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். ஆயின் அது குறிப்பிட்ட சிலர் மீது செலுத்தப்பட்ட அதிகாரமே. அந்நியர் அனைவரையும் அடையாள அட்டைக்கு உட்படுத்தும் முறை பிரான்சிலே முதலாம் உலகப் போர்க்காலத்தில், 1917இல், உருவாயிற்று.

போரிலே பெருந்தொகையான ஆடவரை இழந்த பிரெஞ்சு முதலாளித்துவத்துக்கு, 1920களிற் சுரங்கங்களுக்கும் வயல்களுக்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். போலந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் திரட்டப்பட்டனர். 1931இல் அந்நாட்டில் ஏறத்தாழ 27 இலட்சம் அந்நியர் வாழ்ந்தனர். பொருளாதார மந்தம் நேர்ந்ததும் நிலைமை மாறிற்று. 1932ஆம் ஆண்டுச் சட்டம் அந்நியத் தொழிலாளரின் தொகைக்கு வரம்பு விதிக்க வழிசெய்தது. 1938 மே மாத ஆணை, உரிய பத்திரமின்றித் தங்குவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கிற்று. அதேயாண்டு நவம்பரில், ‘வேண்டத்தகாத’ அந்நியரை முகாமில் அடைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. இவையாவும் ஹிட்லரின் படைகள் பிரான்சினுள் நுழையுமுன்னரே, ஒரு குடியரசினாற் செய்யப்பட்டவை என்பது மனங்கொளத்தக்கது.

1939இற் போர் தொடங்கியதும், நாசிசத்துக்குத் தப்பி வந்த ஜேர்மானியரும் ‘எதிரி நாட்டவர்’ எனப்பட்டு அடைக்கப்பட்டனர். 1940 ஜூன் 22ஆந் திகதிய போர்நிறுத்த ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு, ஜேர்மனி கேட்கும் ஜேர்மானியரை ஒப்படைக்கப் பிரான்சைக் கட்டுப்படுத்திற்று. அதேயாண்டு ஒக்டோபர் 4ஆந் திகதிய விஷி அரசின் சட்டம், அந்நிய யூதரை முகாம்களில் அடைக்க இடமளித்தது. ஆகவே, உழைப்பை அளந்து பெறுவதற்கென உருவான அட்டை, கால்நூற்றாண்டுக்குள் மனிதரைப் பொறுக்கி ஒப்படைப்பதற்குரிய கருவியாயிற்று. நாவலின் பின்னணி இதுவே.

3

ஆனா சேகர்ஸ் இவற்றைத் தம் வாழ்க்கையில் அனுபவித்தவர். 1900இல் மைன்ஸ் நகரிலே நெற்றி ரைலிங் என்னும் பெயரோடு யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1928இற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். 1933இற் பிரான்சுக்குத் தப்பிச் சென்றார். கணவர் வெர்னே முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். மெக்சிக்கோத் துணைத்தூதரகத்தின் உதவியோடு, 1941 மார்ச்சில் மார்செய்யிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறினார். மெக்சிக்கோவில் முற்றுப்பெற்ற இந்நாவல், 1944இல் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் முதலில் வெளிவந்தது. ஜேர்மன் மொழியில் நூலாக வெளிவந்தது 1948இலேயே.

கதைசொல்லி பெயர் குறிப்பிடப்படாத இளம் ஜேர்மன் தொழிலாளி. நாசி முகாமிலிருந்து தப்பி ரைன் நதியை நீந்திக் கடந்தவன். பிரெஞ்சு முகாமிலிருந்தும் தப்பியவன். பாரிசிலே வைடல் என்னும் எழுத்தாளரிடம் ஒரு கடிதத்தைச் சேர்ப்பிக்கச் செல்லும் அவன், வைடல் விடுதி அறையிலே தற்கொலை செய்துகொண்டதை அறிகின்றான். முற்றுப்பெறாத கையெழுத்துப்படியும் மெக்சிக்கோ விசா தொடர்பான கடிதமும் அடங்கிய பெட்டி அவன் கைக்கு வருகின்றது. அவனிடமிருப்பதோ சைட்லர் என்னும் வேறொருவரின் பெயரிலான பத்திரம். மார்செய்யிலே தூதரக அலுவலர் அவனையே வைடல் எனக் கருதுகின்றனர். அவன் அதனை மறுக்கவில்லை. இவ்வாறு உயிரோடுள்ள ஒருவன், இறந்தவரின் பெயரால் நாட்டிலே தங்கும் உரிமை பெறுகின்றான்.

இங்கு ஒரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. இவனுக்கு எங்கும் போகும் விருப்பமில்லை. வேலை செய்து, உண்டு, அந்நகரிலேயே இருக்க விரும்புகின்றான். அவ்விருப்பத்தை வெளியிட்டால் தங்க முடியாது. போகத் துடிப்போர் போகமுடியாது தவிக்க, இருக்க விரும்புபவனே பயண ஆயத்தத்தை நடிக்கின்றான். ஆசிரியை போகத் துடிக்கும் ஒருவரைக் கதைசொல்லியாக்கியிருப்பின், நாம் அவருடைய அவலத்துக்கு இரங்கியிருப்போமேயன்றி விதியின் அபத்தத்தை உணர்ந்திருக்க மாட்டோம். வெளியிலிருந்து நோக்கும் தொழிலாளியின் கண்களூடாகவே அம்முறைமை ஒரு முறைமையாகத் துலாம்பரமாகின்றது.

அம்முறைமையின் இயக்கத்தை நாவல் படிப்படியாகக் காட்டுகின்றது. முதலில், ஏற்றுக்கொள்ளும் நாடொன்றின் விசா வேண்டும். அது கிடைத்தாற்றான் கப்பற் பயணத்தைப் பதிவு செய்யலாம். இவையிரண்டும் இருந்தால், வழியிலுள்ள நாடுகளின் இடைவழி விசாவைக் கேட்கலாம். நாவலின் பெயர் சுட்டுவது இவ்விசாவையே. இறுதியாக, பிரெஞ்சு அதிகாரிகளிடம் வெளியேறும் அனுமதி பெறவேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தவணை உண்டு. கடைசிப் பத்திரம் கைக்கு வருமுன் முதற் பத்திரம் காலாவதியாகிவிடும். வெனிசுவேலாவின் கராக்கஸ் நகரில் வேலை கிடைத்த முதிய இசைக்குழு நடத்துநர் இவ்வட்டத்தையே மீண்டும் மீண்டும் சுற்றி, எல்லாம் கைகூடும் தறுவாயில் உயிர்விடுகின்றார். இதனை மிகைக் கற்பனை எனக் கருதுதல் தவறாகும். வால்ட்டர் பெஞ்சமின் அமெரிக்க விசாவும் ஸ்பெயினைக் கடப்பதற்கான விசாவும் கையில் இருந்தும், பிரெஞ்சு வெளியேறல் அனுமதி இன்றி மலைவழியே எல்லை தாண்டி, 1940 செப்ரெம்பரிற் போர்ட்போ என்னும் எல்லையூரில் உயிர்துறந்தார்.

சரக்குலகிலே மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றமளிக்கின்றது என்பது மார்க்ஸ் நமக்கு உணர்த்திய உண்மை. மார்செய்யின் தூதரக வாயில்களிலே நடப்பதும் இதுவே. ஆளுக்கு ஆள் பேசுவதில்லை. பத்திரத்தோடு பத்திரம் பேசுகின்றது. வைடலின் மனைவி மரீ, கணவன் இறந்ததறியாது, அவரைத் தூதரகத்திற் கண்டதாகப் பிறர் கூறுவதை நம்பி நகரெங்கும் தேடி அலைகின்றாள். அவள் தேடும் ‘உயிருள்ள’ கணவன் ஒரு கோப்பில் மட்டுமே வாழ்கின்றான்.

4

இவ்விடத்தில் 1938-39ஆம் ஆண்டுகளிற் சேகர்சுக்கும் லூக்காச்சுக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் பரிமாற்றத்தை நினைவுகூர்தல் தகும். யதார்த்தத்தின் முழுமையைப் பிடித்துக் காட்டுவதே இலக்கியத்தின் பணி என லூக்காச் வற்புறுத்தினார். நெருக்கடிக் காலத்து எழுத்தாளர், உடைந்து சிதறிய நேரடி அனுபவத்தைத் தாண்டிக் குதித்துவிட முடியாது என்பது சேகர்சின் வாதம். ‘ட்ரான்சிட்’ இவ்விவாதத்துக்குப் படைப்பின் வழியாக அளிக்கப்பட்ட விடை எனலாம். அதன் புறத்தோற்றம் சிதறலானது: வதந்திகள், தற்செயற் சந்திப்புகள், கோப்பிக்கடை உரையாடல்கள். ஆயின் இச்சிதறல்கள் யாவும் ஒரே முறைமையினாற் பிணைக்கப்பட்டுள்ளன. காஃப்காவை மதித்தவர் சேகர்ஸ். 1973இல் வெளியான கதையொன்றில் அவரையே பாத்திரமாக்கினார். எனினும் காஃப்காவின் நீதிமன்றத்துக்கு முகவரி இல்லை. மார்செய்யின் அலுவலகங்களுக்கு முகவரியும் திகதியும் உண்டு. அத்திகதிகளே இந்நாவலை உருவகமாகக் கரைந்துவிடாது காப்பவை.

நாவலின் முடிவும் இவ்வகையிற் பொருள் பொதிந்தது. எல்லாப் பத்திரங்களும் கைகூடிய பின்னர், கதைசொல்லி பயணத்தைக் கைவிடுகின்றான். தன்னை ஏற்றுக்கொண்ட பினே குடும்பத்தாரோடு நாட்டுப்புறப் பண்ணையிலே உழைத்து, வருவதை அவர்களோடு எதிர்கொள்ளத் துணிகின்றான். ஓரிடத்தில் இருப்பதற்கான உரிமை, அங்கு உழைத்துப் பிறருடைய இன்பதுன்பங்களிற் பங்குகொள்வதால் விளைகின்றது என்பது ஆசிரியையின் துணிபு.

ஆயினும் இம்முடிவைக் குறையற்றதெனக் கொள்ளவியலாது. அவன் பண்ணையிலே தங்குவது சைட்லர் என்னும் பொய்ப்பெயரைக் கொண்டே. உழைப்பால் விளைந்த உரிமையைச் சட்டம் அறியாது. தொழிலாளரின் கூட்டியக்கத்தாற் பெறவேண்டியதைத் தனியொருவனின் தன்மானம் ஈடுசெய்கின்றது. மரீயின் பாத்திரமும் தேடலின் நிழலாகவே நின்றுவிடுகின்றது. மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. பினே குடும்பத்து ஜோர்ஜோடு வாழும் கிளோடின், பிரெஞ்சுக் குடியேற்ற நாடான மடகஸ்காரைச் சேர்ந்தவள். ஏகாதிபத்தியம் அவளை அங்கு கொணர்ந்த கதை, அகதிகளின் கதையோடு இணைத்துச் சொல்லப்படவில்லை. வாயில் வரையும் வந்த நாவல் உள்ளே நுழையவில்லை எனலாம். 2018இல் ஜேர்மன் நெறியாளர் கிறிஸ்தியான் பெற்சோல்ட் இக்கதையை இன்றைய மார்செய்யில் நிகழ்வதாகப் படமாக்கியபோது, இவ்விடைவெளி மேலும் தெளிவாகத் தெரியவந்தது.

5

ஐரோப்பிய நாவலொன்றை இவ்வளவு விரிவாக நாம் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. தங்குவதைப் புறப்பாட்டின் தாமதமாகவே அங்கீகரிக்கும் சட்டம் எமது நாட்டிலும் இருந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்தின் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டோரில் வேலையிலிருந்தோர், அனுப்பப்படும் நாள் வரையோ ஐம்பத்தைந்து வயது வரையோ, எது முந்தியதோ அதுவரை, தொழிலிலே தொடரலாம் என விதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணிலே, உழைப்பு நீடிக்கும் வரையே தங்கலாம்; அதுவும் போகப்போகிறவராகவே தங்கலாம். 1984இல் தலைமன்னார்க் கப்பற் சேவை நின்றபோது, பயணத்துக்குரிய பத்திரத்தோடு பயணமின்றி இருந்தோர் பலர். 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது.

மார்செய்யையும் மலையகத்தையும் ஒன்றெனக் கூறுதல் வரலாற்றுக்குப் புறம்பானது. முன்னையது பாசிசத்துக்கு அஞ்சி ஓடியோரின் கதை. பின்னையது தோட்டத்துறை மூலதனம் கொணர்ந்த உழைப்பாளரின் கதை. ஆயினும் இரண்டிலும், உழைப்பிலிருந்து உரிமை பிரிக்கப்பட்டுப் பத்திரத்திலே அடைக்கப்பட்டது. மலையக இலக்கியத்தையும், 1983இன் பின்னர் ஐரோப்பாவிலே தஞ்சம் கோரியோரின் புகலிட இலக்கியத்தையும் ஆராய்வோர், பிரிவுத்துயரை மட்டும் பேசி அமையாது, அத்துயரை நாள் குறித்துக் கையொப்பமிட்டு வழங்கிய பத்திரங்களையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். விதியெனத் தோன்றுவதன் அடியிலே ஒரு திகதியும் ஓர் அதிகாரியின் ஒப்பமும் இருப்பதைக் கண்டுகொள்ளும் வாசகரே, அதனை மாற்றவும் கூடும் என்பதை உணர்வர்.