மெட்டும் ஓர் உரைதான்

காதற் கவிதை ஒன்றுக்கு மெட்டமைப்பவரை நாம் வெறும் இசைக்காரராகவே எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவரும் ஓர் உரையாசிரியர். பழைய உரைகாரர் 'இது தலைவி கூற்று, தோழி கேட்பச் சொல்லியது' என்று எழுதிவைத்ததை இவர் குரலாலும் தாளத்தாலும் செய்கிறார். ஆகவே அத்தகைய பாடலை 'நல்லா இரிக்கி' என்று சொல்லிக் கடந்துவிடலாகாது. பேசுவது யார், கேட்பது யார் என்று இசையமைப்பாளர் விளங்கிக்கொண்டார் என நோக்குதல் வேண்டும்.

பாரதியின் 'கண்ணம்மாவின் காதல்' கவிதையை வகுப்பில் வாசித்தால் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும்: "சேர், இது படப்பாட்டுத்தானே?" பிள்ளை சொல்வதிலும் பிழையில்லை. 1961இல் வெளிவந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் ஜி. ராமநாதனின் இசையில் பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் அதைப் பாடினார்கள். ஆனால் கவிதையில் கண்ணம்மா ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஒருவன் தனியே நின்று அவளை நினைத்துக் களிக்கிறான், அவ்வளவுதான். அவள் யார் என்பதும் திறந்தே கிடக்கிறது. 1917இல் வெளிவந்த 'கண்ணன் பாட்டு' நூலில் கண்ணம்மா குழந்தையாக வருகிறாள், காதலியாக வருகிறாள், குலதெய்வமாகவும் வருகிறாள். ஒற்றைக் குரலை இரட்டைக் குரலாக்கியபோது திரைப்படம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. தனிமை போய்ச் சோடி வந்தது. பாடல் இனிமையானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் அது ஓர் உரை, அதுவே மூலமல்ல.

ஒற்றைக் குரலின் தனிமையைக் கலைக்காமல் உரை செய்த இசைஞரும் உண்டு. ஹாபிஸின் கவிதைகளை மொழிபெயர்ப்பில் வாசித்து மயங்கிய ஜெர்மன் கவிஞர் கேத்தே, 1819இல் தம் 'திவான்' நூலை வெளியிட்டார். அதில் காதலிக்கு அவர் இட்ட பெயர் ஸுலைகா. யூசுப் நபியின் கதையோடு நம் வீடுகளில் புழங்கும் அதே பெயர்தான். அந்நூலின் இரண்டு ஸுலைகா கவிதைகளுக்கு 1821இல் ஷூபர்ட் மெட்டமைத்தார். ஒன்று கீழைக்காற்றை நோக்கியது, மற்றது மேலைக்காற்றை நோக்கியது. நமது தூது இலக்கியத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கீழைக்காற்றுப் பாடலில் பியானோ ஓயாது சலசலத்துக்கொண்டேயிருக்கும். அது காற்றா, காத்திருப்பவளின் நெஞ்சுப் படபடப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஷூபர்ட் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1869இல்தான், அக்கவிதைகளை எழுதியவர் கேத்தே அல்லர், மரியானே ஃபொன் வில்லெமர் என்ற பெண் என்பது உலகுக்குத் தெரியவந்தது. நூலின் அட்டை மறைத்த பெண்ணை மெட்டு முன்னமேயே பேசவைத்துவிட்டது.

இனி நமது வீட்டுக்கு வருவோம். 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு 'மனோன்மணிக் கண்ணி' பாடினார். ஒரு பெண்ணை விளிப்பதுபோல் ஒவ்வொரு கண்ணியிலும் அவர் மனோன்மணியை அழைக்கிறார். இதைப் பற்றிப் பேச எழுகிற நம்மவர்கள், "மனோன்மணி என்றால் பெண்ணல்ல, அது இறைவன்" என்று அவசரமாக விளக்கம் சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். விளக்கம் சரிதான். அவசரந்தான் பிழை. காதலின் தவிப்பை முதலில் உணராதவனுக்கு இறைகாதல் என்பது வெறுஞ்சொல்.

மெட்டு அப்படி அவசரப்பட விடாது. அந்த விளியைத் திரும்பத் திரும்பப் பாடியே ஆகவேண்டும். திக்ரின் தாளத்தில் பாடினால் அது தியானமாகும். காலத்தைத் தாழ்த்தி இழுத்துப் பாடினால் பிரிவாற்றாமையாகும். இரண்டும் உரைகளே. இரண்டையும் கேட்டவனுக்கே கவிதை முழுமையாகக் கிட்டும்.

இசை கூடுமா, கூடாதா என்ற மார்க்க விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. வாத்தியமில்லாமலே பைத்தும் முனாஜாத்தும் கஸீதாவும் பாடிப் பழகிய சமூகம் நாம். வெறுங்குரல் ஒன்றே போதும். எங்கள் வானொலி ஒருகாலத்தில் மெல்லிசைப் பாடல் என்ற பெயரில் ஈழத்துக் கவிஞர்களுக்கு உள்ளூர் மெட்டுக்களைத் தந்தது. அந்த முயற்சியின் பெறுமதி இப்போதுதான் விளங்குகிறது.

வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க மண்டபத்திலோ கொட்டாஞ்சேனையிலோ அடுத்து நடக்கும் இலக்கிய விழாவில் குணங்குடியாரைப் பற்றி இன்னொரு சொற்பொழிவு வேண்டாம். குரல்வளமுள்ள இரண்டு பிள்ளைகளை மேடையேற்றி, அதே பத்துக் கண்ணிகளை இரண்டு மெட்டில் பாடச் சொல்லுங்கள். எது பொருந்துகிறது, ஏன் பொருந்துகிறது என்று சபை வாதிடட்டும். நமது இலக்கியத் திறனாய்வு அந்த வாதத்திலிருந்து தொடங்கலாம்.