யாருடைய சாயங்காலம்?

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர். சாமை அடிக்கும் களத்தில் வாலிபால் நடந்துகொண்டிருந்தது. ஊராட்சிக்கு அரசு கொடுத்த விளையாட்டுப் பையிலிருந்து வந்த பந்தும் வலையும். ஆடியவர்கள் பன்னிரண்டு பேரும் பையன்கள். வேடிக்கை பார்த்த இருபது பேரும் ஆண்கள்தான். களத்தை ஒட்டிய பாதையில் பெண்பிள்ளைகள் குடத்தோடு போவதும் வருவதுமாக இருந்தார்கள். பந்து ஒருமுறை பாதைக்கு உருண்டு வந்தது. பதின்மூன்று வயதிருக்கும் ஒருத்தி, இடுப்புக் குடத்தை இறக்காமலே குனிந்து, ஒரு கையால் பந்தை எடுத்து வீசினாள். அது வலையைத் தாண்டி எதிர்ப்பக்கக் கோட்டருகே போய் விழுந்தது. பையன்கள் ஓவென்று கத்தினார்கள்.

"நீ வெளாட மாட்டியா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா நேரம்? இன்னும் மூணு நடை போவணும்."

வெட்கத்தோடும் சொல்லவில்லை, வருத்தத்தோடும் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள்.

குழந்தைகளை ஓடியாட வைக்க உள்ளாட்சிகளும் அரசும் போடும் திட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்த மூன்று நடைதான் குறுக்கே வருகிறது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளில் பள்ளி செல்லும் பதினாறு லட்சம் வளரிளம் பருவத்தினரின் தரவுகளைத் தொகுத்து 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2016 நிலவரப்படி உலகில் 85 விழுக்காடு சிறுமிகளுக்கும் 78 விழுக்காடு சிறுவர்களுக்கும் அந்த அளவு இயக்கம் இல்லை. இதில் ஒரு விந்தை உண்டு. போதிய இயக்கமில்லாத சிறுமிகளின் விகிதம் மிகக் குறைவாக இருந்த நாடுகளில் இந்தியாவும் வங்கதேசமும் இருந்தன. மைதானமும் பயிற்சியாளரும் கொட்டிக்கிடக்கும் நாடுகளைவிட நம் பெண்பிள்ளைகள் நன்றாக இயங்குகிறார்களாம். காரணமாக இருக்கக்கூடியது என்று அந்த ஆய்வாளர்களே சொன்னது, வீட்டு வேலை.

இதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. குடம் சுமந்து மேடேறும் பதின்மூன்று வயதுக்காரி கணக்கில் தேறிவிடுகிறாள். அவளுடைய இதயம் துடிக்கிறது, கால் தசை வலுப்பெறுகிறது, பரிந்துரைக்கப்பட்ட நிமிடங்கள் நிறைகின்றன. உடலியக்கத்தை மட்டும் அளக்கும் கொள்கைக்கு அவள் ஒரு வெற்றி. நம் மொழிக்கும் இந்தக் கண் உண்டு. ஓடியாடி விளையாடு என்பது பையனுக்கு. ஓடியாடி வேலை செய் என்பது பெண்ணுக்கு. ஒரே ஓட்டம், ஒரே ஆட்டம். 'விளையாட்டுப் பிள்ளை' என்று பையனைச் செல்லமாகச் சொல்வோம். 'இன்னும் வெளாட்டுப் புத்தி போவல' என்று பெண்ணைச் சொன்னால் அது புகார்.

தமிழக ஊராட்சிகளுக்கென்று அண்மையில் வந்த திட்டங்கள் இரண்டு. 2019-20இல் அறிவித்த அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் 12,524 ஊராட்சிகளையும் 528 பேரூராட்சிகளையும் குறிவைத்தது. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் ஊராட்சிதோறும் பை பையாகப் பொருட்களைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறியது, பெயர் மாறியது, அடிப்படைக் கற்பனை மாறவில்லை. பொருள் கொடுத்தால் ஆட்டம் நடக்கும் என்ற கற்பனை அது. ஆனால் பொருள், ஏற்கெனவே ஓய்ந்திருக்கும் கைக்குத்தான் போய்ச் சேரும். முந்தைய திட்டத்தின் பெயரிலேயே 'இளைஞர்' இருக்கிறது. இலக்கணப்படி அதில் பெண்ணும் அடக்கம் என்பார்கள். 'இளைஞர்கள் திரண்டனர்' என்று செய்தியில் படிக்கும்போது உங்கள் கண்முன் வரும் கூட்டத்தில் தாவணியோ சுடிதாரோ தெரிகிறதா?

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பெண்களுக்குத் தனிப் பிரிவு உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அது ஆடத் தெரிந்தவளுக்கான மேடை. ஆடக் கற்றுக்கொள்ளும் சாயங்காலம் அவளுக்கு எங்கிருந்து வரும் என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். விளையாட்டு மைதானம் அமைப்பது நூறு நாள் வேலைத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியாக இருந்தது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் பத்தில் எட்டுக்கு மேல் பெண்களின் உழைப்பாக இருந்தது. அப்படி அமைத்த மைதானங்களில் கல் பொறுக்கியதும் மேடு வெட்டியதும் மண் கொட்டி நிரவியதும் பெரும்பாலும் தாய்மார்கள்தான். அவர்கள் சமன்படுத்திய தரையின் ஓரத்தில் அவர்கள் மகள்கள் குடத்தோடு போகிறார்கள். இப்படி எழுதும்போது மிகைப்படுத்துகிறேனோ என்று எனக்கே தோன்றுகிறது. மலைக்குப் போய்ப் பார்த்தால் தோன்றுவதில்லை.

சட்டப் புத்தகமும் மலைக்குச் சாதகமாக இல்லை. நகராட்சிகளுக்கான அரசமைப்புச் சட்டப் பன்னிரண்டாம் அட்டவணையில் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் நூலகம் உண்டு, சந்தை உண்டு, பண்பாட்டு நடவடிக்கைகள் உண்டு. விளையாட்டு என்ற சொல் இல்லை. கிராமத்துப் பிள்ளைகள் தாமாகவே ஆடிக்கொள்வார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் ஜவ்வாது மலையில் எத்தனை நடுநிலைப் பள்ளிகள் அந்த நூறைத் தொடும்? பயிற்றுநர் இல்லாத பள்ளியில் விளையாட்டு நேரம் என்றால் பையன்களிடம் பந்தைக் கொடுத்துவிட்டுப் பெண்பிள்ளைகளை மரத்தடியில் உட்காரச் சொல்வது. அது சமவெளியிலும் நடப்பதுதான்.

மலையாளிப் பழங்குடியினரின் 'பழக்கவழக்கம்'தான் பெண்பிள்ளைகளைத் தடுக்கிறது என்று கீழேயிருந்து வரும் அதிகாரிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நானும் முதல்முறை போனபோது அப்படித்தான் நினைத்தேன். சிறு வயதிலேயே கல்யாணம் நடப்பது உண்மை, அதை அழகுபடுத்திச் சொல்லப்போவதில்லை. ஆனால் அங்கே புளியமரம் ஏறும் சிறுமியை யாரும் அதட்டி நான் பார்த்ததில்லை. பாறையில் தாவி ஓடுவதற்கும் தடையில்லை. என் தெருவில் வளர்ந்த எனக்கு வயசுக்கு வந்த அன்றே நின்றுபோன ஓட்டம் அது. மலையில் அவளைக் கட்டிப்போடுவது வெட்கத்தைவிட விறகும் தண்ணீரும் தம்பி தங்கைகளும்தான். அப்பாவும் அண்ணனும் கேரளத்துக்கோ குடகுத் தோட்டங்களுக்கோ வேலைக்குப் போய்விட்ட வீட்டில் அந்தச் சுமை இரட்டிப்பாகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற இருபது பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்பா திரும்பி வராத வீட்டில் மூத்த மகளின் சாயங்காலம் என்னவாகியிருக்கும் என்று எந்த விளையாட்டுத் திட்டமும் கேட்டுக்கொள்வதில்லை.

உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் சொன்னதை இங்கே வைக்கிறேன், அது என் வாதத்தைக் கொஞ்சம் சிக்கலாக்கினாலும். "ஆஸ்டல்ல இருந்தப்போதான் கோ-கோ ஆடுனேன். சோறு அவங்க ஆக்குவாங்க, தண்ணி கொழாயில வரும். நாலரைக்கு மணியடிச்சா ஓட வேண்டிதுதான். லீவுக்கு வீட்டுக்கு வந்தா ஒரு நாளும் ஆடுனதில்ல." விடுதிகளின் குறைகள் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். வீட்டைவிட்டுப் பிள்ளைகளைப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஆனாலும் அவளை ஆட வைத்தது பயிற்சியாளரோ பந்தோ இல்லை. வேறு யாரோ ஆக்கிய சோறும் குழாயில் வந்த தண்ணீரும்தான்.

அப்படிப் பார்த்தால், பெண்பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கொள்கை விளையாட்டுத் துறையின் கோப்பில் இருக்காது. 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் ஒரு விளையாட்டுக் கொள்கை. காலையில் தம்பிக்குச் சோறு வடித்துக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் அக்காவுக்கு அது அரைமணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான். அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். உடற்பயிற்சி என்று யாரும் அதை அழைக்கவில்லை. தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் போய்வரும் நேரம் குறைந்தது, யாரையும் எதிர்பார்க்காமல் போக முடிந்தது. ஊர் பார்க்க ஒரு பெண் மிதித்துக்கொண்டு போனாள்.

தமிழக உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டமாகிவிட்டது. மலையில் முன்பு வார்டு உறுப்பினராக இருந்த ஓர் அம்மாவிடம், விளையாட்டுப் பொருள் பற்றிக் கூட்டத்தில் பேசினீர்களா என்று கேட்டேன். "பை வந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். குழா எப்ப வரும்னு கேட்டேன், அது வேற ஸ்கீமுன்னாங்க" என்றார். வேறு ஸ்கீம். அவருக்கு இரண்டும் ஒன்று என்று தெரிந்திருக்கிறது. 2025 ஜனவரியில் திருவண்ணாமலை உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கையெழுத்துப் போடக்கூட அந்த அம்மாவுக்கு அதன்பின் இடமில்லை.

நான் கிளம்பிய அன்று மாலை குழாயடியில் ஒன்பது குடங்கள் வரிசையில் நின்றன. தண்ணீர் நூல்போல வந்துகொண்டிருந்தது. ஒரு குடம் நிறையப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். குடங்களை வரிசையில் விட்டுவிட்டு, குச்சியால் தரையில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள் பெண்பிள்ளைகள். பந்து வீசியவளும் இருந்தாள். ஓட்டாஞ்சில்லை எறிந்து, நொண்டியடித்து மூன்று கட்டம் தாண்டினாள். அப்போது யாரோ, "உன் குடம் ரொம்பிடுச்சிடீ" என்றார்கள். ஒற்றைக் காலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். காலை ஊன்றினாள். சில்லு ஐந்தாம் கட்டத்திலேயே கிடந்தது.