வேனிலும் பிரிவும்: 'அழியாத கோலங்கள்' குறித்து ஓர் ஆய்வு

இளமைப் பருவத்தைப் பற்றி எழுந்த படைப்பு வேறு. இளையோர் நுகர்தற்கென எழுந்த படைப்பு வேறு. இவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது, பாலு மகேந்திரா எழுதி, ஒளிப்பதிவு செய்து, இயக்கி 1979ஆம் ஆண்டில் வெளிவந்த 'அழியாத கோலங்கள்' என்னும் திரைப்படம். ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பள்ளியிற் பயிலும் சிறுவர் மூவர். அவ்வூர்ப் பள்ளிக்கு வரும் ஆசிரியை இந்துமதி. சிறுவருள் ஒருவனாகிய கௌரிசங்கரின் உள்ளத்தில் அவள்பால் அரும்பும் ஈர்ப்பு. கதை ஏறக்குறைய இவ்வளவே.

இப்படம், 1971இல் இராபர்ட் மல்லிகன் இயக்கிய 'சம்மர் ஆஃப் ஃபார்ட்டி டூ' என்னும் அமெரிக்கப் படத்தின் சாயலுடையது என்பர். உண்மையே. ஆயினும் அவ்வளவில் அமைதல் ஆராய்ச்சியாகாது. இரு கதையிலும் ஒரு சாவு கதையைத் திருப்புகிறது. அது யாருடையது என்பதே ஈண்டு நோக்கற்பாலது. அமெரிக்கப் படத்தில் இறப்பவன் போர்முனை சென்ற கணவன். அவ்விறப்பே அவன் இளமனைவியை ஓரிரவு சிறுவனிடம் கொண்டு சேர்க்கிறது. தமிழ்ப் படத்திலோ ஆசிரியையின் காதலன் உயிரோடு வந்து நிற்கிறான். ஆற்றில் மூழ்கி இறப்பவன் மூவருள் ஒருவனாகிய இரகுபதி. அங்கே இழப்பு காமத்திற்கு வாயிலாகிறது. இங்கே அது நட்பினை உடைக்கிறது. சாவு இடம்மாறவே கதையின் உரிப்பொருளும் மாறிற்று என்க.

தொல்காப்பியர் வேனிலையும் நண்பகலையும் பாலைக்குரிய பொழுதாக வைத்தார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. பிறநாட்டார் கோடையைக் களியாட்டிற்கும் முதற்காதலுக்கும் உரிய காலமாகக் கொண்டு இளையோர்க்குப் படம் சமைப்பர். அம்மரபினின்று புறப்பட்ட கதை, தமிழ்நிலத்திற்கு வந்ததும் பிரிவைச் சென்று சேர்ந்தமை தற்செயலாயினும் பொருத்தமுடையதே. சிறுவர் ஆடிய ஆறே அவருள் ஒருவனைக் கொள்கிறது. கருப்பொருளை இத்துணைச் சிக்கனமாக ஆண்ட படங்கள் நம்மிடைச் சிலவே.

ஆக்கமுறையும் இதற்குத் துணைநின்றது. 1935இல் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், சேலத்தில் சேர்வராயன் மலையடிவாரத்தே, ஏற்காடு செல்லும் சாலையில் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கியது. அரங்கமும் விளக்கும் நெடிய உரையாடலுமே அக்காலப் படங்களின் வலிமை. பாலு மகேந்திராவோ பூனாத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். இயற்கை ஒளியை நம்பியவர். சொல்லவேண்டியதைப் பெரும்பாலும் வெயிலிடமும் சலீல் சௌதுரியின் இசையிடமும் விட்டுவிடுகிறார். ஆசிரியையாகத் தோன்றிய ஷோபாவுக்குப் படம் வெளிவந்தபோது வயது பதினேழே! மாணவர்க்கும் அவளுக்கும் இடைப்பட்ட தொலைவு எத்துணைச் சிறிது என்பதை அம்முகமே உணர்த்திவிடுகிறது, உரையாடல் வேண்டுவதில்லை.

குறையும் ஒன்றுண்டு. வளர்ந்துவிட்ட கௌரிசங்கராகக் கமல்ஹாசன் தோன்றி, ஆசிரியை இறந்த செய்தியைக் கடிதத்தாற் பெற்று, நினைவில் ஆழ்வதாகப் படம் தொடங்குகிறது. இத்தோற்றுவாய் வேண்டாதது என்பது என் துணிபு. ஒரு சாவினை முற்கூறியதனால் பின்வரும் சாவின் அதிர்ச்சி தளர்கிறது. அன்றியும், சிறுவர் தம் கண்ணாற் கண்ட உலகம், முதியோன் ஒருவன் ஏங்கி நோக்கும் உலகமாகிவிடுகிறது. கடிதத்தை நீக்கிவிட்டு முதற்காட்சியைப் பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே தொடங்கியிருப்பின், பதினான்கு வயதினன் ஒருவன் இதனைத் தன் படம் என்று கொண்டிருப்பான்.