அடிபணிவதற்கு முன்

திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சிறுவன் பெரியவர்களுக்கே பாடம் சொல்கிறான் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வரக் கிளம்பினார் சகலாகம பண்டிதர். ஆகமங்களைக் கரைத்துக் குடித்தவர். சிறுவனின் குடும்பத்துக்கே குலகுரு. ஆணவ மலத்தின் வடிவம் எது என்று கேட்டார். சிறுவன் வாய் திறக்கவில்லை. நின்றவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை பார்த்தான். கேள்விக்கு விடை தாமே என்று பண்டிதருக்கு விளங்கியது. காலில் விழுந்தார்.

சிறுவர் மெய்கண்டார், விழுந்தவர் அருணந்தி சிவாசாரியார். மெய்கண்டாரின் சிவஞானபோதம் 12 சூத்திரங்களே கொண்டது. அதற்குச் சிவஞான சித்தியார் என்னும் வழிநூலைச் செய்தவர் இந்த வயதான சீடர்தான்.

சைவ சித்தாந்தம் குருவிடம் வயதைப் பார்க்கவில்லை. ஊரார் மதிப்பையும் பார்க்கவில்லை. தில்லைவாழ் அந்தணரான உமாபதி சிவம், தம் பல்லக்கையும் பகல் தீவட்டியையும் தெருவில் நின்று கேலி செய்த மறைஞானசம்பந்தரின் பின்னாலேயே இறங்கி ஓடினார். நெசவாளர் வார்த்த கூழைக் குரு குடிக்க, அவர் முழங்கை வழியே ஒழுகியதை ஏந்திப் பருகினார் என்கிறது மரபு. தில்லைத் தீட்சிதர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். கொற்றவன்குடியில் போய்க் குடியிருந்தார். சீடனுக்கும் அளவுகோல் உண்டு. அதற்குப் பெயர் பக்குவம். பார்வையால், தொடுகையால், நினைவால், சொல்லால் என்று தீட்சை ஏழு வகையாக விரிவதும் அந்தப் பக்குவத்தை ஒட்டித்தான்.

அத்வைதிகள் முண்டக உபநிடதத்தை எடுத்துவைப்பார்கள். குருவிடம் அது கேட்கும் தகுதி இரண்டு: வேதம் கற்றிருக்க வேண்டும், பிரம்மத்தில் நிலைத்திருக்கவும் வேண்டும். காசித் தெருவில் விலகிப் போகச் சொன்னபோது, விலக வேண்டியது உடலா ஆன்மாவா என்று திருப்பிக் கேட்ட சண்டாளனைச் சங்கரர் குருவாக ஏற்றதாகச் சொல்லும் கதை, இரண்டாவது தகுதியே கனமானது என்று காட்டுகிறது. ஆஷாட பௌர்ணமியன்று சங்கர மடங்களில் வியாச பூஜை நடக்கும். ஊரே வணங்கும் பீடாதிபதி, அன்று அட்சதை மேல் எலுமிச்சம்பழங்களை வைத்துத் தம் முன்னோர் ஆசாரியர்களை ஆவாகனம் செய்து வணங்குவார்.

வைணவத்தில் அளவுகோலே ஒருமுறை மாறியது. எட்டெழுத்துத் திருமந்திரத்தின் பொருளைக் கேட்க இராமாநுசர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூருக்கு 18 முறை நடந்தார். திருக்கோட்டியூர் நம்பி ஒவ்வொரு முறையும் சோதித்துத் திருப்பி அனுப்பி, கடைசி முறைதான், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று சொல்லிப் பொருள் உரைத்தார். அதுவரை இருந்தது ஓராண்வழி: ஆசாரியர் ஒருவர், தேர்ந்தெடுத்த சீடருக்கு மட்டும் பொருள் உரைப்பார். பெற்ற பொருளை இராமாநுசர் ஊரறியச் சொல்லிவிட்டார். குரு சொல் மீறியதற்கு நரகம் கிடைத்தால் தாம் ஒருவர்தானே போவோம் என்று அவர் சொன்னதைக் கேட்ட நம்பி, 'எம்பெருமானார்' என்று அவரைத் தழுவிக்கொண்டார். அதன்பின் ஆசை உடையவர் எல்லாருக்கும் வழி திறந்தது. இதை உபதேச ரத்தின மாலையில் எழுதிவைத்தவர் மணவாள மாமுனிகள்.

அந்த மாமுனிகளுக்கு வாய்த்த சீடர் திருவரங்கத்துப் பெருமாளே. உற்சவங்களை நிறுத்திவைத்து, ஓராண்டு முழுதும் திருவாய்மொழியின் ஈட்டு உரையைப் பெருமாள் கேட்டார். ஆனி மூலத்தன்று சாற்றுமுறையின்போது சிறுவனாக வந்து குருவைப் போற்றும் தனியனைச் சமர்ப்பித்து மறைந்தார் என்பது கோயில் வழக்கு. தென்கலைக் கோயில்களில் இன்றும் பிரபந்த சேவை அந்தத் தனியனில்தான் தொடங்குகிறது.