ஆடாமலே ஜெயிப்பவர்

சீட்டாட்ட விஷயத்தில் நம் ஊரில் ரெண்டே ரெண்டு கட்சிதான். 'சூது குடியைக் கெடுக்கும், மூச்!' என்பது ஒன்று. 'சார், இது மூளைக்கு வேலை, செஸ் மாதிரி' என்பது இன்னொன்று. தருமபுத்திரர் காலத்திலிருந்து இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. கவனித்துப் பார்த்தால், ரெண்டு கட்சியும் ஆடுகிறவனைத்தான் உற்றுப் பார்க்கின்றன. மேஜை போட்டவரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய கணக்குப்பிள்ளையாக இருந்தால், முதலில் அவரைத்தான் பார்த்திருப்பார்.

செட்டிநாட்டுக்கும் விளையாட்டுக்கும் பகை ஒன்றும் கிடையாது. சொக்கட்டான் துணியை விரித்து, வீட்டு மனிதர்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் ஆடிய ஊர் அது. ஆனால் அதே வீட்டுப் பையன்தான் மீசை முளைக்கும் முன்பே பெட்டியடிப் பையனாக ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி, ஒவ்வொரு காசும் எந்தப் பக்கம் போகிறது என்று பேரேட்டில் எழுதிப் பழகினான். வியாபாரத்தில் 'மகமை' என்று ஒன்று உண்டு. கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று ஒரு சிறு பங்கை எடுத்து வைப்பது. எவ்வளவு எடுக்கிறார்கள், அது எங்கே போகிறது என்பதில் ஒளிவுமறைவு கிடையாது.

ஆன்லைன் போக்கர் டோர்னமென்ட்டிலும் ஒரு மகமை உண்டு. கோயிலுக்குப் போகாத மகமை. அதன் பெயர் 'ரேக்'. மேஜை போட்டவரின் கமிஷன்.

'அதான் 2025-லயே மத்திய சர்க்கார் தடை பண்ணிடுச்சே, இப்ப எதுக்கு இந்தக் கதை?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். நம் நாட்டுக் கம்பெனிகள் கடையைச் சாத்திவிட்டன. ஆனால் வெளிநாட்டு சர்வர்களில் இருப்பவர்களுக்கு நம் சட்டம் ஒரு பொருட்டா என்ன? மொபைலுக்கு அழைப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பையனுக்கும் வரும். அவனிடம் 'ஆடாதே' என்று சொல்வதைவிட, ஆட்டத்தின் கணக்கைப் பிரித்துக் காட்டுவது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் அடிப்படை. போக்கரில் அதிகம் ஆடப்படுவது 'டெக்ஸாஸ் ஹோல்டம்'. ஆளுக்கு ரெண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு, மலர்த்தி. ஏழில் சிறந்த அஞ்சை வைத்து யார் கை பெரியது என்று பார்க்க வேண்டும். நடுநடுவே பந்தயம் கட்டலாம், ஏற்றலாம். ரம்மியில் 'ஸ்கூட்' விடுவார்களே, அதுபோல சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் உதார் விட்டும் ஜெயிக்கலாம். ரெண்டு ஏஸ் கையில் விழும் வாய்ப்பு 221-ல் ஒன்று. மீதி 220 தடவை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் திறமை.

டோர்னமென்ட் என்றால், பணத்தை நேரடியாக மேஜையில் வைப்பதில்லை. நுழைவுக் கட்டணம் கட்டினால் குறிப்பிட்ட அளவு சிப் தருவார்கள். அந்த சிப்புக்குக் கடையில் மதிப்பு கிடையாது. அது தீர்ந்தால் நீங்கள் அவுட். கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்கு முதல் பரிசு. வழக்கமாக நூறு பேர் ஆடினால் பத்துப் பதினைந்து பேருக்குப் பரிசு. அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று நான்கு பேருக்கு. மீதி எண்பத்தைந்து பேர் வெறுங்கை. அவர்கள் மோசமாக ஆடினார்கள் என்பதற்காக அல்ல, பரிசுப் பட்டியலே அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது பேரேடு. நுழைவு '1000 + 100' என்று போட்டிருப்பார்கள். ஆயிரம் பரிசுக்கு, நூறு கமிஷன். நூறு பேர் என்றால் பரிசுத் தொகை ஒரு லட்சம், கடைக்காரருக்குப் பத்தாயிரம். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே அவர் பத்தாயிரம் ஜெயித்துவிட்டார். எந்த ராணி யாரிடம் இருந்தால் அவருக்கென்ன? கல்யாண வீட்டுத் திண்ணையில் ஆடினால், ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் எடுப்பார். பணம் அந்தத் திண்ணையிலேயே சுற்றும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் மேஜையிலிருந்து ஒரு பங்கு வெளியேறுகிறது. சம பலமுள்ள நூறு பேர் வருஷம் பூரா ஆடினால், வருஷக் கடைசியில் நூறு பேருமாகச் சேர்ந்து நஷ்டத்தில்தான் இருப்பார்கள். பி.காம். முதல் வருஷக் கணக்கு இது.

இதுவரை சொன்னதில் பெரிய தப்பு என்று எதுவும் இல்லை. சினிமா தியேட்டரிலும் டிக்கெட் காசு திரும்பி வராது. டோர்னமென்ட்டின் பெரிய நல்ல குணமே, எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே தெரியும் என்பதுதான். 1100 கட்டினால் 1100-தான் போகும். இந்தப் பழைய வடிவத்துக்கு 'ஃப்ரீஸ்அவுட்' என்று பெயர். ஒருமுறை அவுட் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என் விமர்சனம் அதற்குப் பிறகு வந்த வடிவங்களின் மேல்தான். ஒவ்வொன்றும் அந்த நல்ல குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் போட்டது.

'ரீ-என்ட்ரி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அவுட் ஆனால் மறுபடி 1100 கட்டி உள்ளே வரலாம். கமிஷன் உட்பட! நூறு பேர் வந்த ஆட்டத்தில் ஐம்பது மறு நுழைவு என்றால் கடைக்காரருக்குப் பதினைந்தாயிரம். 'ரீபை' என்றால் எழுந்திருக்கக்கூட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே கூடுதல் சிப் வாங்கலாம். ஒரு மனிதன் எப்போது அதிகமாகப் பணம் கட்டத் தயாராக இருப்பான்? தோற்ற அடுத்த நிமிஷம். கோபம் தணியாத அந்த நிமிஷத்தில், அவன் முன்னால் ஒரு பட்டனை நீட்டுகிறது இந்த வடிவம். 1100 என்று நிச்சயமாக இருந்த நஷ்டம், 'எவ்வளவு ஆகுமோ' என்று ஆகிவிட்டது.

அடுத்தது கடிகாரம். ஆட்டம் முடிவில்லாமல் இழுக்கக் கூடாது என்பதற்காக 'பிளைண்ட்' எனும் கட்டாயப் பந்தயத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஆரம்பத்தில் உங்களிடம் பத்தாயிரம் சிப், கட்டாயப் பந்தயம் 50-ம் 100-ம். நிதானமாக யோசிக்கலாம், எதிராளியைப் படிக்கலாம், உதார் விடலாம். பத்தாவது கட்டத்தில் அது 500, 1000 என்று ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது பேர் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆறேழு சுற்றில் சிப் காலி. யோசிக்க என்ன இருக்கிறது? கிடைத்த சீட்டை வைத்து மொத்தத்தையும் நடுவில் தள்ள வேண்டியதுதான். உங்களிடம் ஏஸும் ராஜாவும், எதிராளியிடம் ரெண்டு ராணி என்றால், அது கிட்டத்தட்ட பூவா தலையா. எண்பது சதவீத வாய்ப்புள்ள நல்ல கையாகவே அஞ்சு முறை வந்து, அஞ்சு முறையும் மொத்தத்தையும் தள்ளினாலும், அத்தனையிலும் தப்பிக்கும் வாய்ப்பு முப்பத்துமூன்று சதவீதம்தான். பெருக்கிப் பாருங்கள்.

ஒரு கட்டம் ஒரு மணி நேரம் என்றால், அந்தப் பத்தாவது கட்டம் வர ஒன்பது மணி நேரம் ஆகும். 'டர்போ' வடிவத்தில் கட்டத்துக்கு அஞ்சு நிமிஷம் என்று வைத்தால் முக்கால் மணியில் வந்துவிடும். அதே 52 சீட்டு, அதே விதிகள். ஆனால் முதலாவதில் திறமைக்கு ஒன்பது மணி நேர அவகாசம். ரெண்டாவதில் 45 நிமிஷம். ஆக, போக்கரில் திறமை எத்தனை பங்கு, அதிர்ஷ்டம் எத்தனை பங்கு என்பதைச் சீட்டுக்கட்டு தீர்மானிப்பதில்லை. நேர அட்டவணை எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் அடுத்த ஆட்டம், அடுத்த கமிஷன். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஊகிக்க ஜோசியம் பார்க்க வேண்டாம்.

2014-ல் வந்த 'ஸ்பின் அண்ட் கோ' இதன் உச்சம். மூன்றே பேர், மின்னல் வேக ஆட்டம். சீட்டு போடும் முன் ஒரு சக்கரம் சுற்றும். பரிசு எத்தனை மடங்கு என்பதை அது சொல்லும். லாட்டரியைத் தமிழ்நாடு 2003-ல் தடை செய்தது. அந்த லாட்டரிச் சக்கரத்தைச் சீட்டுக்கட்டுக்குள் ஒளித்து வைத்த மாதிரி ஒரு வடிவம்!

'சாட்டிலைட்' வேறு ரகம். சின்னக் கட்டணத்தில் ஆடி, பெரிய டோர்னமென்ட்டுக்கு டிக்கெட் ஜெயிப்பது. 2003-ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்து அக்கவுண்டன்ட் ஒருவர், 86 டாலர் கட்டி ஆன்லைனில் ஆடி, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட உலகப் போட்டிக்குள் புகுந்து, 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். நிஜப் பெயரே அதுதான்! உலகம் முழுக்க ஆன்லைன் போக்கர் பற்றிக்கொண்டது அதற்குப் பிறகுதான். ஆனால் விளம்பரத்தில் வருவது அந்த ஒருத்தர். மீதி 838 பேருக்கு யார் போஸ்டர் ஒட்டுவார்கள்?

நியாயமாக ரெண்டு வார்த்தை பாராட்டும் சொல்லிவிட வேண்டும். 'கேரண்டி' வடிவத்தில் ஆள் குறைந்தால், அறிவித்த பரிசுக்குக் குறையும் தொகையைக் கடைக்காரரே போட வேண்டும். அப்போது அவர் கைக்காசு போகும். 'ஃப்ரீரோல்' இலவசம். ஆனால் தூண்டிலில் மாட்டிய புழுவும் மீனுக்கு இலவசம்தான்.

சரி, நீதிமன்றங்கள் என்ன செய்தன? 1968-ல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம், 'ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்' என்றது. அதற்குப் பிறகு இந்தியாவில் சீட்டு வழக்கு எது வந்தாலும் இந்த வரியைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. உட்கார வைத்ததற்கும் சீட்டுக்கட்டுக்கும் கிளப் வாங்கும் சாதாரணக் கட்டணம் வேறு. ஆனால் பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து வீட்டுக்காரரோ கிளப்போ லாபம் பார்த்தால், அது குற்றமாகலாம் என்றார்கள் நீதிபதிகள். நம் கணக்குப்பிள்ளை கேட்ட அதே கேள்வி! தீர்ப்பின் முதல் பாதி கொடிகட்டிப் பறந்தது. ரெண்டாம் பாதியைப் பற்றிப் பேச்சே இல்லை.

தமிழ்நாட்டில் தற்கொலைச் செய்திகள் வரிசையாக வந்தன. கடன் வாங்கி ஆடித் தோற்ற இளைஞர்கள், குடும்பத் தலைவர்கள். 2021-ல் சட்டத் திருத்தம் வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 3-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022-ல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு, பிறகு புதுச் சட்டம், கவர்னரின் இழுபறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். நவம்பர் 9-ல் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 2025-ல் மாநில அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடத் தடை போட்டது. ஜூன் 3-ல் அது செல்லும் என்று தீர்ப்பு. கடிகாரத்தைப் பற்றி யோசித்தார்களே என்று சந்தோஷம்தான். ஆனால் அது சுவரில் இருக்கும் கடிகாரம். ஆட்டத்துக்குள் ஓடும் கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

கடைசியில் 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, ரெண்டும் கலந்ததோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாமே கூடாது என்று ஒரே போடாகப் போட்டது. 57 வருஷ விவாதத்துக்கு விடை சொல்லவில்லை, கேள்வியையே அழித்துவிட்டது. உயிர்கள் போனபோது கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பது புரிகிறது. என் வருத்தம் வேறு. மறு நுழைவுக்கு வரம்பு, கட்டங்களுக்குக் குறைந்தபட்ச நேரம், கமிஷனுக்கு உச்சவரம்பு என்று வடிவங்களைச் சட்டம் ஒருமுறையாவது உட்கார்ந்து படித்திருந்தால், எது விளையாட்டு, எது வலை என்று மக்களுக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும். இப்போது வெளிநாட்டு ஆப்புக்குள் போகிறவனுக்கு அந்தப் பாடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

பாதுகாப்பு என்றதும் இன்னொரு பழங்கதை. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் பேங்க் திவாலாகி, டெபாசிட் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த அடியிலிருந்துதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. அதன் முதல் டைரக்டர்களில் ஒருவர் செட்டிநாட்டு ராமசாமி செட்டியார். அடுத்தவர் பணத்தை வைத்திருப்பவன் எப்படி இருக்க வேண்டும் என்பது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஆன்லைன் போக்கருக்கும் அப்படி ஒரு வருஷம் உண்டு. 2011-ல் 'ஃபுல் டில்ட்' என்ற பிரபல சைட்டை அமெரிக்க அரசு முடக்கியபோது, ஆட்டக்காரர்கள் கணக்கில் காட்டிய பணம் கம்பெனியின் கையில் இல்லை! அதற்கு முன்பே 'அல்டிமேட் பெட்' சைட்டில், எதிராளியின் கவிழ்த்த சீட்டைப் பார்க்க முடிந்த சிலர் கொள்ளையடித்தது வெளிவந்தது. பெரிய பெயர்களின் கதையே இப்படி என்றால், முகவரியே இல்லாத ஆப் எம்மாத்திரம்?

ஆகவே, வீட்டில் யாராவது 'இது ஸ்கில் கேம்' என்று ஆரம்பித்தால் வாதாடாதீர்கள். ஒப்புக்கொள்ளுங்கள், உண்மைதான். ஒப்புக்கொண்டுவிட்டு மூணே கேள்வி கேளுங்கள். தோற்றால் அதிகபட்சம் எவ்வளவு போகும், அது ஆடும் முன்பே தெரியுமா? ஒரு கட்டத்துக்கு எத்தனை நிமிஷம்? கட்டுகிற பணம் யார் கையில் இருக்கிறது, அவரை எந்த ஊர் கோர்ட்டில் நிறுத்தலாம்?

மூணுக்கும் பதில் வந்தால் பிறகு திறமையைப் பற்றிப் பேசலாம். வராது.