ஆடாதவர்கள் வரையும் களம்

1

விளையாட்டைப் பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் இரண்டே இடங்களில் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒன்று, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம். அங்கே வெற்றி, தோல்வி, சாதனை, ஏழ்மையை வென்ற வீரன். இன்னொன்று, 'இதெல்லாம் மக்களைத் திசைதிருப்புகிற வேலை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எழுந்துபோகிற நமது முற்போக்கு வட்டம். சினிமா சுவரொட்டியை, பாடநூலை, தேர்த்திருவிழாவை அதிகாரத்தின் பிரதிகளாக வாசிக்கப் பழகிய நாம் கல்லூரி மைதானத்தின் பக்கம் திரும்பியதே இல்லை.

மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதற்கு முன்பே வேறொரு கோடு போடப்பட்டிருக்கிறது. எந்தக் கல்லூரி எந்தக் கல்லூரியோடு மோதலாம், எந்த ஊர்ப் பிள்ளை எந்த அணியின் சட்டையைப் போடலாம், யார் எவ்வளவு தூரம் பயணப்பட வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது. அதைப் போடுகிறவர்கள் ஒருபோதும் ஆடுவதில்லை. இந்தக் கட்டுரை அந்த முதல் கோட்டைப் பற்றியது.

2

அமெரிக்காவில் இந்தக் கோடு இப்போது வெளிப்படையாகவே ஏலத்துக்கு வந்துவிட்டது. அங்கே கல்லூரி விளையாட்டு ஒரு பெருந்தொழில். அண்டை மாநிலங்களின் கல்லூரிகள் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளை உருவாக்கி, வருஷாவருஷம் தமக்குள் ஆடிவந்தன. நிலம்தான் அவற்றின் இலக்கணம். 1896இல் தொடங்கிய 'பிக் டென்' நடுமேற்கு மாநிலங்களுடையது, பெயரில் பத்து. 2024இலிருந்து அதில் 18 கல்லூரிகள். பசிபிக் கரையின் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகள் இரண்டு அதற்குள் வந்துவிட்டன. 'அட்லாண்டிக் கரை' என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டமைப்பில் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் சேர்ந்திருக்கின்றன. பசிபிக் கரைக்கென்று இருந்த 'பாக்-12' கூட்டமைப்பில் 2024 பருவத்தில் மிஞ்சியவை இரண்டே கல்லூரிகள். பிறகு அதுவும் பக்கத்துக் கூட்டமைப்பிலிருந்து கல்லூரிகளை இழுத்துத்தான் தன்னை மறுபடி கட்டப் பார்த்தது.

காரணம் தொலைக்காட்சி. 2022இல் பிக் டென் மூன்று நிறுவனங்களோடு ஏழாண்டு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 700 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணத்துக்குப் பெருநகரப் பார்வையாளர்கள் வேண்டும். 2014இல் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துக்கொண்டபோது பிக் டென்னுக்குத் தேவைப்பட்டவை நியூயார்க் வட்டாரத்துக் கேபிள் வீடுகள். இன்று ரட்கர்ஸ் மாணவியர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாலிபால் ஆட்டம் ஆட வேண்டுமென்றால் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும்.

ரட்கர்ஸ் நமக்குச் சம்பந்தமில்லாத பெயர் அல்ல. அதன் பழைய நூலகத்துக்குப் பணம் கொடுத்த வூர்ஹீஸ் குடும்பத்தின் பெயரைத்தான் வேலூர் 'ஊரிசு' என்று உச்சரித்துத் தன் கல்லூரியின் பெயராக்கிக்கொண்டது. அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷன் போட்ட பாதை அது. அந்தக் காலத்துப் புரவலர் தேவாலயத்திலிருந்து வந்தார். இந்தக் காலத்துப் புரவலர் தொலைக்காட்சியிலிருந்து வருகிறார்.

அங்கே இதை எதிர்ப்பவர்களின் குரல் பெரும்பாலும் புலம்பலாக இருக்கிறது. மரபு போச்சு, பரம்பரைப் போட்டி போச்சு, மண் போச்சு. இந்தப் புலம்பலை அப்படியே கடன்வாங்குவதில் ஆபத்து உண்டு. தென்கிழக்குக் கூட்டமைப்பில் ஒரு கறுப்பின மாணவர் முதன்முதலாகக் கால்பந்துக் களத்தில் இறங்கியது 1967இல்தான். அதுவரை அந்த 'மண்ணின் மரபு' வெள்ளைத் தோலின் மரபு. கோடு மாறுவதாலேயே அநீதி வந்துவிடுவதில்லை. பழைய கோட்டுக்கும் ஒரு அநீதி இருந்திருக்கும். யாருக்காக மாறுகிறது என்பதே நமது கேள்வி.

3

இனி நம் பக்கம். ஏலகிரி மலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது வட ஆற்காட்டில் இருந்தது, 1989இல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு வேலூரில் இருந்தது, 2019இலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டக் கோடு மாறினால் தாலுகா ஆபீஸ் மாறும், கலெக்டர் மாறுவார். அதைப் பற்றி ஊரே பேசும். பல்கலைக்கழகக் கோடு மாறியதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், வேலூர் ஊரிசு எல்லாமே 2002 வரை 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. இவற்றில் சில தோல் வியாபாரத்தில் வந்த பணம் கட்டியெழுப்பியவை. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்களின் பிள்ளைகளும், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண்களின் பிள்ளைகளும் படிப்பவை. இந்தப் பிள்ளைகள் 'யுனிவர்சிட்டி பிளேயர்' ஆக வேண்டுமென்றால் சென்னையின் லயோலாவையும் பச்சையப்பனையும் மாநிலக் கல்லூரியையும் தாண்டித்தான் வர வேண்டும். ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போகிற ரயிலுக்கு ஏலகிரி எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். அணியில் மட்டும் இந்த வட்டாரத்துக்கென்று இடம் ஒதுக்கியவர் யாருமில்லை.

2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் அதற்குள் வந்தன. அமெரிக்காவில் சேர்ப்பது விரிவாக்கம்; நம் ஊரில் பிரிப்பது விரிவாக்கம். இங்கே பிரிவினை ஒரு நல்ல காரியத்தையும் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு அணி இருந்த இடத்தில் இரண்டு அணிகள். சென்னையின் நிழலுக்கு வெளியே இந்தப் பகுதிக்கென்று ஒரு கபடி அணி, ஒரு வாலிபால் அணி.

அணியில் இடம் என்றால் என்ன? செயற்கை இழைச் சட்டையும் ஒரு குரூப் போட்டோவும் மட்டும் அல்ல. மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு 1980இலிருந்து புழக்கத்தில் இருக்கிற சான்றிதழ்களில் 'ஃபார்ம் 3' என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் பல்கலைக்கழகம் கொடுப்பது அது. ரயில்வே போன்ற துறைகள் வெறும் பங்கேற்பு போதாது, பரிசும் வேண்டும் என்கின்றன. ஆனால் பரிசுக்குப் போகவும் முதலில் அணியில் இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் 2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி வருஷத்துக்கு 2 கோடி டாலர் வரைக்கும் ஆட்டக்காரர்களோடு நேரடியாகப் பங்கிடலாம். நம் பையனுக்குக் கிடைப்பது ஒரு தாள். ஆனால் அந்தத் தாள்தான் டேனரிக்கும் ஜோலார்பேட்டை ரயில்வே யார்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே கதவாக அவனுக்குத் தெரிகிறது.

4

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் அலகு 'பல்கலைக்கழகம்'. நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; நாம் தென்மண்டலம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆட்டத்தில் ஓர் அணி. கேட்பதற்கு ரொம்ப ஜனநாயகமாக இருக்கிறது. எல்லாருக்கும் ஒன்று.

ஆனால் 'பல்கலைக்கழகம்' என்கிற சொல் ஒரே பொருளைக் குறிக்கவில்லை. 2001இல் காட்பாடியில் வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அடுத்த ஆண்டே அதே வட்டாரத்தில் நான்கு மாவட்டங்கள் சேர்ந்து ஒரு பல்கலைக்கழகமாயின. முன்னதற்கும் ஓர் அணி, பின்னதற்கும் ஓர் அணி. நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் கல்லூரிப் போட்டி, மண்டலச் சுற்று, அணித் தேர்வு என்று வடிகட்டிப் பன்னிரண்டு பேரை அனுப்புகின்றன. நிகர்நிலை நிறுவனமோ தன் வேலிக்குள்ளேயே பன்னிரண்டு பேரைத் தேர்ந்துகொள்கிறது. இது எந்த நிறுவனத்தின் குற்றமும் அல்ல, விதியில் இருக்கிற கணக்கு. மைதானத்தில் சமத்துவம் பேசுகிற அந்த விதி, மைதானத்துக்கு வருகிற வழியை ஒருவருக்குத் தார்ச்சாலையாகவும் இன்னொருவருக்கு மலையேற்றமாகவும் வைத்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனிடம், நீயும் அவனிடம் போ என்று வழி சொல்வான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் பாரியைக் கடந்து படகுத்துறைக்குப் போகிறார்கள். ஆனால் ஆற்றுப்படை இன்றைக்கும் உயிரோடு இருப்பது ப்ளஸ் டூ முடித்த ஆட்டக்காரர்களிடம்தான். சீனியர் ஜூனியரிடம் சொல்கிறான்: "அந்த யுனிவர்சிட்டிக்குப் போடா, ஃபீஸ் இல்ல, ஹாஸ்டல் ஃப்ரீ, செலக்‌ஷனும் ஈசி." அவன் சொல்வதில் தப்பு இல்லை. வயிறும் வாய்ப்பும் அங்கேதான் இருக்கின்றன. ஊர்க் கல்லூரியின் பி.டி. சார் செய்வதறியாமல் நிற்கிறார். ஆளை உருவாக்கியது அவர், சட்டையில் பெயர் வேறு.

ஒட்டுமொத்தச் சாதனைக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையைப் பலமுறை வென்றது அமிர்தசரஸின் குருநானக் தேவ் பல்கலைக்கழகம். கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கிற அரசுப் பல்கலைக்கழகம். 2024க்கான கோப்பை தனியார் நிறுவனமான சண்டிகர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. இதை ஒரு வெற்றிச் செய்தியாக மட்டும் வாசிக்க முடியாது. அமெரிக்காவில் கல்லூரிகள் புரவலரைத் தேடி இடம்பெயர்கின்றன; இங்கே ஆட்டக்காரர் இடம்பெயர்கிறார். இரண்டு இடத்திலும் நகர்த்துவது ஒரே விசைதான்.

5

அரசு இந்தக் கோட்டை எப்படிப் பார்க்கிறது? 2021 பிப்ரவரியில் விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் புதிய பல்கலைக்கழகத்துக்குச் சட்டமியற்றித் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்தார்கள். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கச் சட்டமியற்றினார்கள். ஏழு மாதத்துக்குள் காகிதத்தில் மூன்று பல்கலைக்கழகங்களைப் பார்த்துவிட்டன கடலூர், விழுப்புரம் பகுதிக் கல்லூரிகள். சண்டையெல்லாம் பெயரைப் பற்றியது: அம்மையார் பெயர் இருப்பதா, போவதா. அந்தக் கல்லூரிகளில் ஆடுகிற பிள்ளைகள் எந்த அணிக்குத் தேர்வுக்குப் போவார்கள் என்பது ஒரு கேள்வியாகவே எழவில்லை. மூன்று வருஷப் படிப்பில் மூன்றே பருவங்கள். வயது வரம்பு 25. ஒரு பருவம் போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதா வந்தது. இயங்கிக்கொண்டிருக்கிற கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாறிக்கொள்ள வழிசெய்த மசோதா. கட்டணம், இட ஒதுக்கீடு, ஆசிரியர் நிலை என்று நம் தோழர்கள் சரியாகவே எதிர்த்தார்கள். மறுஆய்வு செய்வதாக அரசு பின்வாங்கியது. எதிர்த்த பட்டியலில் விளையாட்டு இல்லை. ஒரு உதவிபெறும் கல்லூரி பல்கலைக்கழகமாகிவிட்டால், அதற்கென்று தனி அணி. அதுவரை அதன் மைதானத்தில் ஆடிவந்த பக்கத்துக் கல்லூரிகளுக்குப் போட்டியும் போச்சு, மைதானமும் போச்சு.

பெண்களுக்கு இந்தத் தூரக் கணக்கு இன்னும் கூர்மையானது. ஷிஃப்ட் முடிந்து இருட்டிய பிறகு வீடு வருகிற அம்மா, மகளை இரண்டு ராத்திரி வெளியூருக்கு அனுப்ப யோசிப்பாள். போட்டி நடக்கிற ஊர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப்போனால் ஓர் அணியில் நாலு பேர் குறைவார்கள். அதைத் திறமைக் குறைவு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள்.

சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் காமன்வெல்த் பளுதூக்கலில் தங்கம் வாங்கியபோது மாவட்டமே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒரு தங்கம் நூறு வடிகட்டல்களை மறைக்கும். நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. கல்லூரிகளின், மாணவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப இணைப்புப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் வேண்டும். பல்கலைக்கழகத்தைப் பிரித்தாலும் சேர்த்தாலும் படித்துக்கொண்டிருக்கிற ஆட்டக்காரரின் இடம் சட்டத்திலேயே எழுதிக் காக்கப்பட வேண்டும். பெண்கள் அணிகளுக்கு மாவட்ட அளவிலேயே போட்டியும் பயணச் செலவும் வேண்டும்.

இவற்றைக் கேட்க விளையாட்டு ரசிகராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பல்கலைக்கழகங்களைப் பற்றிய அடுத்த மசோதா வந்ததும் கட்டணப் பிரிவையும் ஒதுக்கீட்டுப் பிரிவையும் புரட்டுகிற கையோடு, ஆடுகிற பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்றும் தேடிப் பார்ப்போம். இல்லையென்றால் எதிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.